விலை ஏறாத பற்றாக்குறை

சந்தையில் ஒரு பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தால் அதன் விலை ஏறும் என்பது தக்காளிக்கும் தங்கத்துக்கும் பொருந்துகிற விதி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் வீடியோ கேம் கன்சோல்களுக்கு மட்டும் அது பொருந்துவதில்லை. விளையாடுவதற்கென்றே செய்யப்படும் சிறப்புக் கணினிகளான இவற்றின் சந்தையைச் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ ஆகிய மூன்று நிறுவனங்களே நெடுங்காலமாகத் தம் கையில் வைத்திருக்கின்றன. புதிய கன்சோல் விற்பனைக்கு வரும் நாளில் வாங்கக் காத்திருப்போர் கையிருப்பைப் போலப் பல மடங்கு இருந்தாலும், பெரிய கடைகள் அறிவித்த விலைக்கு மேல் ஒரு டாலர்கூட ஏற்றுவதில்லை. பணத்தால் தீராத போட்டி வேறு ஏதாவது ஒன்றால் தீர்ந்தாக வேண்டும் என்பதால், வரிசையில் நிற்கும் நேரம், இணைய இணைப்பின் வேகம், குலுக்கலில் கிடைக்கும் அதிர்ஷ்டம், கடையின் உறுப்பினர் அட்டை ஆகியவற்றில் ஒன்றோ பலவோ விலையின் இடத்தில் வந்து அமர்கின்றன. அவற்றுள் எதை அமர்த்துவது என்ற முடிவு பெரும்பாலும் சில்லறை விற்பனையாளரிடமே விடப்படுகிறது. அந்த முடிவுக்கு ஏற்ப வாங்குகிற ஆளும் மாறிவிடுகிறார்.

விலை ஏறாமல் நிற்பதற்கு வலுவான வணிகக் காரணம் உண்டு. தயாரிப்பாளர் கன்சோலை விற்று லாபம் பார்ப்பதைவிட, அதில் ஓடும் விளையாட்டு ஒவ்வொன்றிலிருந்தும் வரும் உரிமத் தொகையிலும் இணையச் சந்தாவிலும்தான் லாபம் பார்க்கிறார். ஆகவே கருவியை அடக்கவிலைக்குக் கீழேகூட விற்கத் துணிகிறார். 2020 நவம்பரில் 499.99 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 இனி நட்டத்தில் விற்கப்படவில்லை என்று சோனி சொல்ல முடிந்தது 2021 ஆகஸ்டில்தான். கடைக்காரருக்கும் கன்சோலில் மிஞ்சுவது சொற்பம். அவருடைய வருமானம் உடன் விற்கும் கூடுதல் கண்ட்ரோலர், விளையாட்டு வட்டு, நீட்டித்த உத்தரவாதம் ஆகியவற்றில் இருக்கிறது. அறிவிக்கப்படும் விலை பல நாடுகளில் வெறும் பரிந்துரை விலையே என்றாலும், அதைத் தாண்டி விற்கும் கடைக்குப் பெயரும் கெடும், அடுத்த தவணைச் சரக்குக்காகத் தயாரிப்பாளரிடம் கேட்கவும் வாய் வராது.

தட்டுப்பாடு ஏன் வருகிறது என்பதற்கு, வேண்டுமென்றே சரக்கைப் பதுக்கிப் பரபரப்பை உண்டாக்குகிறார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு முறையும் எழுவதுண்டு. விற்காத கன்சோல் விளையாட்டு எதையும் விற்றுத் தராது என்பதால் அந்தப் பேச்சை அப்படியே ஏற்பது கடினம். உலகம் முழுவதும் பண்டிகைக் காலத்துக்கு முன்னதாக ஒரே சமயத்தில் இறக்க வேண்டிய பொருளின் உற்பத்தி, முதல் மாதங்களில் மெல்லத்தான் வேகம் பிடிக்கும். ஓர் உதிரிபாகம் தாமதமானாலும் மொத்தமும் நின்றுவிடும். 2000 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவில் வெளியான பிளேஸ்டேஷன் 2-க்கு முதல் நாளில் 10 லட்சம் கருவிகள் வரும் என்று சொல்லப்பட்டிருந்தது; உதிரிபாகத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டிச் சோனி ஒரு மாதம் முன்னதாக அதைப் பாதியாக்கி 5 லட்சம் என்றது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் வந்த 2020-இல், பெருந்தொற்றால் வீட்டுக்குள் அடைபட்டவர்களின் தேவையும் உலகளாவிய சிப் பற்றாக்குறையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அந்தத் தட்டுப்பாடு நீங்கிவிட்டதாகச் சோனி அறிவிக்க 2023 ஜனவரி ஆயிற்று.

இத்தகைய நிலையில் கடைகள் கையில் எடுக்கும் முதல் கருவி முன்பதிவு. பொருள் கைக்கு வருமுன்பே, வந்ததும் இன்னாருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டு பெயரையும் முன்பணத்தையும் வாங்கிக்கொள்வது அதன் எளிய வடிவம். இணையக் கடைகளில் முன்பணம்கூட இல்லாமல், பொருளை அனுப்பும் நாளில் கடன் அட்டையில் தொகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. வாங்குபவர் இதைப் பொருளுக்கான உறுதியாக எண்ணிக்கொண்டாலும், கடைக்காரர் தர முடிவது ஒதுக்கீட்டில் ஓர் இடத்தை மட்டுமே. ஒதுக்கீடு என்பது தயாரிப்பாளர் ஒவ்வொரு விற்பனை நிறுவனத்துக்கும் இத்தனை கருவிகள் என்று பங்கிட்டுத் தருவது; அந்த நிறுவனம் அதைத் தன் கிளைகளுக்கும் இணைய விற்பனைக்கும் மறுபடி பங்கிட வேண்டும். மேலே ஓர் எண் மாறினால் கீழே எத்தனையோ முன்பதிவுகள் அடுத்த தவணைக்குத் தள்ளப்படும். அஞ்சல் வழியிலும் இணையத்திலும் பொருள் விற்பவர், சொன்ன கெடுவுக்குள் அனுப்ப முடியும் என்று நம்ப நியாயமான அடிப்படை இருந்தால்தான் ஆர்டர் எடுக்க வேண்டும், தாமதமானால் வாங்குபவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும், இல்லையெனில் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் விதித்திருப்பது இத்தகைய முன்பதிவுகளுக்கும் பொருந்தும்.

முன்பதிவுக்கும் பொருள் கைக்கு வருவதற்கும் நடுவிலுள்ள இடைவெளியை மறைக்காமல் அதையே விற்ற ஓர் ஏற்பாடும் நடந்திருக்கிறது. நின்டெண்டோவின் வீ கன்சோல் வந்து ஓராண்டாகியும் கடைகளில் தங்காமல் போய்க்கொண்டிருந்த 2007 டிசம்பரில், அமெரிக்காவின் கேம்ஸ்டாப் வீடியோ கேம் கடைகள் முழு விலையான 249.99 டாலரை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்தன. ஜனவரி 29-க்குள் கன்சோல் வந்து சேரும் என்பது உறுதி. கிறிஸ்துமஸ் மரத்தடியில் குழந்தைக்குக் கருவி இருக்காது, சீட்டு இருக்கும். தேதியைச் சொல்லி வாங்கிய பணம் என்பதால், இத்துறையில் நடந்தவற்றுள் நேர்மையான ஏற்பாடுகளில் ஒன்றாக அதைக் கருதலாம்.

அதற்கு நேர்மாறானது 2020 செப்டம்பரில் நடந்தது. பிளேஸ்டேஷன் 5-க்கான முன்பதிவு திடீரென்று தொடங்காது, போதிய அவகாசம் தரப்படும் என்று சோனியின் தரப்பில் ஜூலையிலேயே சொல்லப்பட்டிருந்தது. விலையை அறிவித்த செப்டம்பர் 16 அன்று, மறுநாள் முதல் குறிப்பிட்ட கடைகளில் முன்பதிவு என்று அறிவிப்பு வந்தது. அமெரிக்காவின் மிகப்பெரிய சில்லறை நிறுவனமான வால்மார்ட் மறுநாளுக்குக் காத்திராமல் அன்று இரவே பதிவைத் திறந்துவிட, வாடிக்கையாளர்கள் அங்கே போய்விடுவார்கள் என்ற அச்சத்தில் மற்றக் கடைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. ஒதுக்கீட்டின் அளவு முன்பே முடிவாகிவிட்டதால் முந்திக்கொண்ட கடைக்கு ஒரு கருவிகூடக் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. கண்ட்ரோலரும் விளையாட்டும் சேர்த்து வாங்கக்கூடிய வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கே அந்த ஓட்டம். சொன்ன நேரத்தை நம்பிக் காலையில் கணினியைத் திறந்தவர் ‘இருப்பு இல்லை’ என்ற பலகையைப் பார்த்தார். முன்பதிவு இன்னும் சீராக நடந்திருக்கலாம் என்று மூன்று நாள் கழித்துச் சோனி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸுக்கு நாடுவாரியாக நேரத்தைக் குறித்து, அதன்படியே செப்டம்பர் 22 அன்று திறந்தது. குழப்பம் குறைந்ததே ஒழிய சரக்கு கூடவில்லை. அதுவும் விரைவிலேயே தீர்ந்துபோயிற்று.

யார் முதலில் வருகிறாரோ அவருக்கே என்ற முறை கடை வாசலில் நடந்தவரை, நிற்கும் உடம்புக்கு ஓர் எல்லை இருந்தது. இணையத்துக்கு வந்தபின் அந்த எல்லையை ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்கள் உடைத்துவிட்டன. விற்பனைப் பக்கம் திறக்கும் நொடியைக் கண்காணித்து, கூடையில் சேர்ப்பது முதல் முகவரி, அட்டை எண் நிரப்புவது வரை மனித விரலுக்கு எட்டாத வேகத்தில் முடித்துவிடும் இந்நிரல்களைப் பயன்படுத்திப் பல கருவிகளை வாங்கி, மறுவிற்பனைத் தளங்களில் கூடுதல் விலைக்குத் தள்ளுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 2020 நவம்பர் 25 அன்று நடந்த பிளேஸ்டேஷன் 5 விற்பனைக்குச் சில மணி நேரம் முன்பு சேர்த்த ஒரே ஒரு தடுப்பு விதி, முதல் 30 நிமிடங்களில் மட்டும் 2 கோடிக்கும் மேற்பட்ட பாட் முயற்சிகளைத் தடுத்ததாக வால்மார்ட் தெரிவித்தது. வருவோரை எண் கொடுத்து உட்கார வைக்கும் இணையக் காத்திருப்பு அறை, ஒரு முகவரிக்கு ஒரே கருவி, இணையத்தில் பணம் கட்டி அருகிலுள்ள கிளையில் நேரில் பெறுதல் ஆகியவை இப்படித்தான் பரவலாயின. பிரிட்டனில் ஒரு பெரிய மின்பொருள் சங்கிலிக் கடை எக்ஸ்பாக்ஸின் விலையை இணையத்தில் சுமார் 2,000 பவுண்டு கூட்டிப் போட்டுவிட்டு, உண்மையான முன்பதிவுதாரர்களுக்கு மட்டும் அந்தத் தொகையைக் கழிக்கும் குறியீட்டை அனுப்பியது. மறுவிற்பனைக்காரரை விரட்டுவதற்கு விலையையே பூச்சாண்டியாக நிறுத்திய தந்திரம். விவரம் தெரியாத வாடிக்கையாளர்களும் அதைக் கண்டு மிரண்டார்கள் என்பது வேறு விஷயம்.

குலுக்கல் முறையை இத்துறையில் முழுமையாக வளர்த்தெடுத்த நாடு ஜப்பான். அங்கே பெரிய மின்பொருள் கடைகள் சில நாட்களுக்கு விண்ணப்பங்களை வாங்கி, அவற்றிலிருந்து பெயர்களைத் தேர்ந்தெடுத்து, தேர்வானவர்களைக் குறித்த கெடுவுக்குள் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கின்றன. இதில் வேகத்துக்கு வேலையில்லை. பாட் நிரல்களின் பல்லும் பாதி பிடுங்கப்படுகிறது. குலுக்கல் இல்லாமல் விற்க முயன்றால் என்ன ஆகும் என்பது 2021 ஜனவரி இறுதியில் தோக்கியோவின் அகிஹபாரா பகுதியில் தெரிந்தது. அங்குள்ள யோதோபாஷி கேமரா கடையில் பிளேஸ்டேஷன் 5-க்காகக் கூட்டம் முண்டியடித்ததில் போலீஸ் வர, விற்பனையே நிறுத்தப்பட்டது.

குலுக்கலில் வென்றவரே மறுவிற்பனைக்காரராக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் ஜப்பானியக் கடைகள் விடை தேடின. 2021-இல் ஒரு சங்கிலிக் கடை, விற்கும்போதே அட்டைப்பெட்டியைத் திறந்து, பெட்டியின் மேல் வாங்குபவரின் முழுப் பெயரை எழுதி, உள்ளே கண்ட்ரோலரைச் சுற்றியிருக்கும் உறையின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறியைப் போட்டுக் கொடுக்கலாயிற்று. கருவியின் இயக்கத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. மறுவிற்பனைச் சந்தையில் கூடுதல் விலை கிடைப்பது பிரிக்கப்படாத புதுப் பெட்டிக்கு என்பதால், பேனாவால் போட்ட அந்த இரண்டு கோடுகள் விளையாட வாங்கியவருக்கு எந்த இழப்பும் இல்லாமல், விற்க வாங்கியவரின் லாபத்தை மட்டும் அழித்துவிடுகின்றன. கோடிக்கணக்கில் செலவிட்டு நிரல் எழுதும் நிறுவனங்களுக்குத் தோன்றாத யோசனை இது என்றால் மிகையில்லை.

அமெரிக்கக் கடைகள் வேறொரு வழியில் போயின. பெஸ்ட் பை நிறுவனம் 2021-இன் இறுதியில் ஆண்டுக்கு 199.99 டாலர் கட்டணமுள்ள தன் உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குச் சில கன்சோல் விற்பனைகளை ஒதுக்கிவைத்தது. வால்மார்ட்டும் தன் சந்தாதாரர்களை முன்னே விட்டது. கேம்ஸ்டாப், விளையாட்டுகளும் துணைக்கருவிகளும் சேர்த்துக் கட்டிய தொகுப்பாகவே பல முறை விற்றது. கட்டணம் மறுவிற்பனைக்காரரைத் தடுக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். விலையை ஏற்ற முடியாத கடை, விலைக்குப் பக்கத்தில் வேறொரு பெயரில் அதே தொகையை வாங்கிக்கொள்கிறது என்று சொல்வதே பொருந்தும்.

இந்தியாவுக்குப் பிளேஸ்டேஷன் 5 தாமதமாகவே வந்தது. 2021 ஜனவரி 12 அன்று முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் சரக்கு தீர்ந்தது. பிப்ரவரி 2 அன்று விற்பனை தொடங்கியது. பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. எனப்படும் அதிகபட்ச சில்லறை விலை அப்போது 49,990 ரூபாய். அதற்கு மேல் கடைக்காரர் விற்பது இங்கே சட்டப்படி குற்றம் என்பதால், பரிந்துரை விலையை மட்டும் நம்பியிருக்கும் நாடுகளைவிட வாங்குபவருக்குக் காப்பு அதிகம் என்று தோன்றலாம். விரும்பாத விளையாட்டுகளையும் சேர்த்து வாங்கினால்தான் கன்சோல் என்று கட்டாயப்படுத்துவோருக்கும், இணைய விளம்பரத் தளங்களில் ‘பிளாக்’ விலை சொல்லும் தனிநபர்களுக்கும் முன்னால் அந்தக் காப்பு பெரிதாக உதவவில்லை.

2025 ஜூன் 5 அன்று வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல், பங்கீட்டின் ஒரு பகுதியைத் தயாரிப்பாளரே கையில் எடுத்துக்கொண்டார். நிறுவனத்தின் சொந்த இணையக் கடையில் வாங்க, பழைய ஸ்விட்சில் குறைந்தது 50 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும், ஓராண்டாவது இணையச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கப்பட்டது. விளையாடுபவர் யார், விற்பவர் யார் என்பதை இதைவிடத் தெளிவாகப் பிரிக்க எந்தக் கடையாலும் முடியாது. முதன்முதலாகக் கன்சோல் வாங்க நினைத்த குடும்பமும் சேர்த்தே வெளியே நிறுத்தப்பட்டது. அந்த நிபந்தனைக்குப் பிறகும் ஜப்பானில் மட்டும் 22 லட்சம் பேர் விண்ணப்பிக்க, நிறுவனத் தலைவர் ஷுன்தாரோ ஃபுருகாவா மன்னிப்புக் கேட்டு, பெயர் வராதவர்கள் அடுத்த குலுக்கலில் தாமாகவே சேர்க்கப்படுவார்கள் என்று அறிவித்தார். ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும் வடிவத்தை 49,980 யென்னுக்கும், பன்மொழி வடிவத்தை 69,980 யென்னுக்கும் வைத்ததால், யென்னின் மதிப்பு குறைந்திருந்த காலத்தில் அங்கே மலிவாக வாங்கி வெளிநாட்டில் விற்கும் வழியும் குறுகியது. இறக்குமதி வரி அறிவிப்பால் அமெரிக்காவில் ஏப்ரல் 9-லிருந்து 24-க்குத் தள்ளிய முன்பதிவும் முன்பு அறிவித்த அதே 449.99 டாலர் விலையிலேயே நடந்தது. முதல் நான்கு நாட்களில் உலகெங்கும் 35 லட்சத்துக்கு மேல் விற்றன. இந்தியாவில் நின்டெண்டோவுக்கு அதிகாரப்பூர்வ விற்பனை அமைப்பு இல்லாததால், இங்கே முன்பதிவும் இல்லை, குலுக்கலும் இல்லை, காக்க வேண்டிய அறிவிப்பு விலையும் இல்லை; வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கடைக்காரர் அன்றைய தேவையைப் பார்த்து ஒரு தொகையைச் சொல்கிறார், நிறுவனத்தின் உள்ளூர் உத்தரவாதம் இல்லாமலே பணம் இருப்பவர் வாங்கிப்போகிறார்.