நீச்சல் டயாபர்: அளவறிந்து வாங்குவோம், அளவறிந்து நம்புவோம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நீச்சல் குளங்களிலும் ரிசார்ட்டுகளிலும் கைக்குழந்தையோடு தண்ணீரில் இறங்கும் பெற்றோரை நிறையப் பார்க்கலாம். குழந்தைகள் தண்ணீரில் விளையாடட்டும், நல்லதுதான். ஆனால் என்ன உடுத்தி இறக்குகிறோம் என்பதில் கவனம் போதவில்லை. சிலர் வீட்டில் போட்ட டயாபரோடு அப்படியே இறக்குகிறார்கள். சிலர் வெறும் ஜட்டியே போதும் என்கிறார்கள். நீச்சல் டயாபர் வாங்கியவர்களோ, இனி எந்தக் கவலையும் இல்லை என்று நம்பிவிடுகிறார்கள். இந்த மூன்றுமே தவறு.

சாதாரண டயாபர் ஏன் கூடாது?

வீட்டில் போடும் டயாபருக்குள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற உறிஞ்சும் பொருள் துகள் துகளாக இருக்கிறது. தன் எடையைப்போல் பல மடங்கு நீரை இழுத்து ஜெல்லாக மாறுவது அதன் குணம். குழந்தையின் சிறுநீரை அது அப்படித்தான் பிடித்து வைக்கிறது. குளத்தில் இறங்கினால் குளத்து நீரையும் அதேபோல் உறிஞ்சத் தொடங்கும். சில நிமிடங்களில் டயாபர் ஊதிக் கனத்து, இடுப்பிலிருந்து நழுவும். சில நேரம் கிழிந்து, உள்ளிருக்கும் ஜெல் தண்ணீரில் கொட்டும். அதன்பிறகு மலத்தைத் தடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. ஜட்டி மட்டும் போட்டு இறக்கினாலும் இதே நிலைதான்.

நீச்சல் டயாபர் எதைத் தடுக்கும்?

நீச்சல் டயாபர் தண்ணீரில் ஊதாது. இடுப்பிலும் தொடையிலும் இறுக்கமான எலாஸ்டிக் வைத்துத் தைத்திருப்பார்கள். கெட்டியான மலம் வெளியே வராமல் தாங்குவது மட்டுமே அதன் வேலை. சிறுநீர் அதில் நிற்காது. அதனால் வீட்டிலேயே போட்டுவிட்டு காரில் கூட்டிச் சென்றால், போகும் வழியிலேயே குழந்தையின் உடையும் இருக்கையும் நனைந்துவிடும். குளத்துக்குப் போன பிறகு, இறங்குவதற்குச் சற்று முன் மாற்றுவதே சரி.

வயிற்றுப்போக்காகத் தண்ணீராய்ப் போனால் அதையும் நீச்சல் டயாபரால் நிறுத்த முடியாது. கிருமிகள் நீரில் கலப்பதைச் சில நிமிடங்கள் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். எந்த நிறுவனம் தயாரித்ததானாலும், என்ன விலை கொடுத்து வாங்கியதானாலும் இதில் மாற்றமில்லை.

எந்த வகை வாங்கலாம்?

ஒருமுறை போட்டு எறிவது, துவைத்து மீண்டும் போடுவது என்று இரண்டு வகை கிடைக்கிறது. எப்போதாவது ரிசார்ட்டுக்குப் போகிறவர்களுக்கு முதல் வகை வசதி. பக்கவாட்டில் கிழித்து எடுக்கும்படியான மாதிரியைக் கேட்டு வாங்கினால், மலம் கழித்திருந்தால் கால் வழியே இழுக்க வேண்டியிருக்காது. வாரந்தோறும் நீச்சல் வகுப்புக்குப் போகும் குழந்தைக்குத் துணி வகை கட்டுப்படியாகும். அதில் வெளிப்பக்கம் நீர்புகாத துணியும் உள்பக்கம் மென்மையான துணியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில குளங்களில் உள்ளே ஒருமுறை போட்டு எறியும் டயாபர், அதன்மேல் துணி டயாபர் என இரண்டையும் கேட்பார்கள். போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அளவு பார்ப்பது எப்படி?

“வளர்கிற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிதாகவே வாங்குவோம்” என்பது நம் வீடுகளின் வழக்கம். சட்டைக்கு அது சரி, நீச்சல் டயாபருக்கு ஆகாது. தளர்வாக இருந்தால் தொடை ஓரத்து இடைவெளி வழியே மலம் எளிதாக வெளியேறிவிடும். வயதைப் பார்த்து வாங்காமல், குழந்தையின் இன்றைய எடையைப் பார்த்து வாங்குங்கள். எந்த எடைக்கு எந்த அளவு என்று உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும். ஒன்றில் மீடியம் பொருந்தியதால் மற்றதிலும் அதுவே பொருந்தும் என்று எண்ண வேண்டாம். எடை இரண்டு அளவுகளுக்கும் நடுவில் இருந்தால் இரண்டையும் போட்டுப் பார்த்து, தொடையில் நன்றாகப் படிவதைத் தேர்ந்தெடுங்கள்.

அணிவித்த பின் நான்கு சோதனைகள்

1. இடுப்புப் பட்டை தொப்புளுக்குச் சற்றுக் கீழே, சுற்றிலும் வயிற்றை ஒட்டி நிற்க வேண்டும். குழந்தை குனியும்போது முதுகுப் பக்கம் விலகக் கூடாது.

2. தொடையைச் சுற்றி ஒரு விரலை ஓட்டிப் பாருங்கள். எலாஸ்டிக் ஓரம் உள்பக்கம் மடிந்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் கசிவது அந்த மடிப்பில்தான்.

3. குழந்தையை நிற்க வைத்துப் பார்ப்பது மட்டும் போதாது. தூக்கிக்கொண்டு, இரு முழங்கால்களையும் மடக்கிப் பாருங்கள். தண்ணீரில் குழந்தையின் கால்கள் இப்படித்தான் மடங்கி விரியும். அப்போது தொடையிடுக்கில் இடைவெளி தெரிந்தால் அந்த அளவு வேண்டாம்.

4. சிறிது நேரம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். லேசான தடம் இருந்தால் பரவாயில்லை. ஆழமாகச் சிவந்து பதிந்திருந்தால் அடுத்த அளவுக்கு மாறுங்கள்.

“குளோரின்தான் போடுகிறார்களே!”

பலருடைய தைரியம் இதுதான். முறையாகப் பராமரிக்கும் குளத்தில், அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரினும் 7.5 என்ற பிஎச் அளவும் இருக்கும் நீரில், ஈ.கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் செயலிழந்துவிடும். ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்குச் சுமார் 16 நிமிடங்கள், ஜியார்டியாவுக்குச் சுமார் 45 நிமிடங்கள் ஆகும். ஆனால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதே நீரில் 10 நாட்களுக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஒரு குழந்தையிடமிருந்து கலந்தது, அடுத்த வாரம் அங்கே குளிக்க வரும் வேறொரு குழந்தையின் வயிற்றுக்குள் போகலாம். சிறு குழந்தைகள் விளையாடும்போது தண்ணீரை விழுங்காமல் இருப்பதில்லை.

வீட்டு மொட்டை மாடியில் காற்றடித்து வைக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் குளோரினே கிடையாது. நாலைந்து குழந்தைகள் சேர்ந்து விளையாடினால் அங்கும் இதே எச்சரிக்கை வேண்டும். விளையாடி முடிந்ததும் நீரைக் கொட்டி, தொட்டியைக் கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு இருந்தால் குளம் வேண்டாம்

குழந்தைக்குத் தண்ணீராய்ப் போனால், எந்த டயாபர் போட்டும் குளத்தில் இறக்கக் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் தொற்று என்று மருத்துவர் சொல்லியிருந்தால், போக்கு நின்ற பிறகும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். குழந்தை தெளிந்து விளையாடினாலும் மலத்தில் ஒட்டுண்ணி வெளியேறிக்கொண்டிருக்கும்.

தண்ணீருக்குள்ளேயே மலம் கலந்துவிட்டால் சங்கடப்பட்டு மறைக்காதீர்கள். எல்லோரையும் வெளியேறச் சொல்லி, குளத்தின் பொறுப்பாளரிடம் உடனே தெரிவியுங்கள். வயிற்றுப்போக்கு கலந்த நீரைச் சுத்தப்படுத்த, குளோரினை லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை உயர்த்தி, கிட்டத்தட்ட 13 மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் அது நடக்காது.

குளத்தில் இருக்கும்போது

இறங்கும் முன் குழந்தையின் பின்பகுதியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே தூக்கி, டயாபரைத் திறந்து பாருங்கள். மேலாகத் தொட்டுப் பார்த்தால் தெரியாது. மாற்றுவதைக் குளத்தின் ஓரத்தில் செய்யாமல் கழிவறையிலோ உடை மாற்றும் அறையிலோ செய்து, கைகளைச் சோப்பால் கழுவுங்கள். கழிவறை போகப் பழகிய குழந்தையையும் மணிக்கொருமுறை கூட்டிப் போங்கள். பயன்படுத்திய டயாபரைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். கழிவறைக்குள் போட வேண்டாம்.

நீச்சல் டயாபர் குழந்தையை மிதக்க வைக்காது. ஆழம் எவ்வளவு குறைவானாலும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், கையில் செல்போன் இல்லாமல் இருக்க வேண்டும்.

வெளியே வந்த பிறகு

ஈர டயாபரோடு குழந்தையை உட்கார வைக்காதீர்கள். உடனே கழற்றி, நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, தொடையிடுக்கு மடிப்புகளை ஒற்றித் துடையுங்கள். தோல் சிவந்திருந்தால் துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு பூசலாம். சிவப்பு குறையாமல் புண்ணாகவோ கொப்புளமாகவோ மாறினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குளத்து நீர் எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. சரியான அளவில் நீச்சல் டயாபர் போடுங்கள், மணிக்கொருமுறை திறந்து பாருங்கள், வயிறு சரியில்லாத நாளில் பிள்ளை எவ்வளவு அடம்பிடித்தாலும் குளத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். உங்கள் குடியிருப்புக் குளத்தில் இந்த விதிகள் எழுதி வைக்கப்படவில்லையென்றால், சங்கக் கூட்டத்தில் கேட்டு ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள்.