வீட்டிலே பூண்டு நறுக்குவோம். எண்ணெயில் போட்டு வெளியே வைக்காதிருப்போம்



சம்பளம், வீடு, வேலை நேரம் என்று எழுதி வருகிற இந்தப் பகுதியில் இந்த வாரம் வெள்ளைப்பூண்டைப் பற்றி எழுதப் போகிறோம். "என்னண்ணே, பூண்டு நறுக்கிறதுகூடச் சங்கத்து விஷயமா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்து, பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணுக்குப் பூண்டு உரிக்கிற பத்து நிமிஷமும் பெரிய விஷயம்தான். அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய் உயிருக்கே உலை வைத்துக்கொள்ளக் கூடாது.

நாம் போய்வருகிற தோட்டத்து வீடுகளில் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வாரத்துக்கு வேண்டிய பூண்டை நறுக்கி, போத்தலில் போட்டு, மூழ்க எண்ணெய் ஊற்றி, அடுப்புப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். கேட்டால், "எண்ணெயிலே கிடந்தா கெடாதுங்க" என்கிறார்கள். கெடும் என்பது மட்டுமல்ல, விஷமாகவும் ஆகலாம்.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியும் மண்ணில் இருப்பது. அதன் வித்துகள் பூண்டில் ஒட்டியிருக்கலாம். காற்றுப் படுகிற இடத்தில் அவை சும்மா கிடக்கும். எண்ணெய்க்குள்ளோ காற்று இல்லை. பூண்டில் புளிப்புக் குறைவு. நம் ஊர்ச் சூட்டைச் சொல்லவே வேண்டாம். மூன்றும் சேர்ந்தால் வித்து முளைத்து விஷம் கக்கும். வாடையும் நிறமும் ருசியும் மாறாமலே இருக்கலாம்.

கனடாவின் வான்கூவர் நகரில் 1985-இல் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேரை இந்த நோய் பிடித்தது. குளிரில் வைக்க வேண்டிய எண்ணெய்ப் பூண்டுப் போத்தலை வெளியே வைத்ததுதான் காரணம். 1989-இல் அமெரிக்காவில் இன்னும் 3 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதன்பிறகு, இப்படிப்பட்ட போத்தல்களில் புளிப்புச் சேர்த்தே விற்க வேண்டும் என்று அந்நாட்டு உணவு அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். நம் வீட்டுப் போத்தலில் அந்தப் பாதுகாப்பு இல்லை. எலுமிச்சம்பழம் நாலு சொட்டுப் பிழிந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அளவு தப்பினால் பயனில்லை.

கண்ணுக்கு இரண்டிரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது, கை கால் தளர்வது ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். கண்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, சீக்கிரமாக நறுக்குவது எப்படி?

முதலில் எந்தக் கறிக்கு என்று பாருங்கள். ரசத்துக்குத் தோலோடு இரண்டு தட்டுத் தட்டினால் போதும். கருவாட்டுக் குழம்புக்கு முழுப் பல்லே நல்லது. சம்பலுக்கு இடிகல். கங்கோங் கீரை வதக்கத்தான் பொடியாக நறுக்க வேண்டும்.

பல்லைப் பிரித்து, அடிக்காம்பைக் கிள்ளிவிடுங்கள். பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் பலகை நகராது. பல்லின்மேல் கத்தியைப் படுக்க வைத்து, கூர்முனை உங்கள் பக்கம் திரும்பாதபடி, உள்ளங்கையால் ஓங்கி அழுத்துங்கள். தோல் தானாகக் கழன்று வரும். நசுங்கிய பல்லைக் குறுக்கே அரிந்து, ஒரு சிட்டிகை உப்புத் தூவுங்கள். கத்தியின் முனையை ஒரு கையால் பலகையில் அழுத்திக்கொண்டு, பிடியை மட்டும் ஏற்றி இறக்கிக் கொத்துங்கள். பரவியதைக் கூட்டி மறுபடியும் கொத்துங்கள். பொடி ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டியில் சின்னது கருகிக் கசக்கும், பெரியது பச்சையாக நிற்கும்.

பூண்டின் காரவாடை வெட்டுப்பட்ட பிறகுதான் பிறக்கிறது. பொடியாகப் பொடியாகக் காரம் ஏறும். ஆகவே பொடியாக நறுக்கினால் குறைந்த பூண்டே போதும்; அதுவும் ஒரு சிக்கனம்தான்.

கத்தி கூர்மையாக இருக்கட்டும். மொட்டைக் கத்தியால் பால் வெட்டினால் மரத்துக்குக் காயம்; பூண்டு நறுக்கினால் விரலுக்குக் காயம்.

வாரத்துக்கு ஒரே தடவை நறுக்கத்தான் வேண்டும் என்றால், எண்ணெய் இல்லாமல் பிளாஸ்டிக் பையில் மெல்லிசாகப் பரப்பி, குளிர்ப்பெட்டியில் ஐஸ் உறைகிற தட்டில் வையுங்கள். வேண்டியபோது ஒரு துண்டு உடைத்துச் சட்டியில் போடலாம். எண்ணெயில்தான் வேண்டுமென்றால் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து நாலு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள், மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் அன்றன்றைக்கு நறுக்குவதே சரி. முழுப் பூண்டைக் காற்றாடத் தொங்கவிட்டால் பல வாரம் தாங்கும்.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நாலு பல் பூண்டை உரித்து நறுக்க ஐந்து நிமிஷம் போதும். அவளும் உங்களைப் போல வேலைக்காட்டுக்குப் போய் வந்தவள்தானே? ராத்திரி டிவி பார்க்கிறபோது பலகையையும் கத்தியையும் மடியண்டை இழுத்துப் போட்டு நறுக்கி, குளிர்ப்பெட்டியில் எடுத்து வையுங்கள். காலையில் அவள் பத்து நிமிஷம் கூடத் தூங்கட்டும். அடுப்புப் பக்கத்தில் அந்த எண்ணெய்ப் போத்தல் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்திவிடுங்கள்.