வெள்ளைக் கோப்பையில் தெரியாத சோறு

இராச்சாப்பாடு இடியப்பமும் சொதியும். வெள்ளைப் பீங்கான் கோப்பையில் போட்டு வைத்தால், அல்சைமர் நோயுள்ள முதியவர் பாதியோடு கையை எடுத்துவிடுவார். "அப்பா அடம் பிடிக்கிறார்" என்று வீட்டார் சலித்துக்கொள்வார்கள். மிச்சம் இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

2004 இல் பொஸ்ரன் ஆய்வாளர்கள், நோய் முற்றியவர்களுக்கு வெள்ளைப் பாத்திரங்களுக்குப் பதிலாகப் பளிச்சென்ற சிவப்புப் பாத்திரங்களில் உணவு கொடுத்தார்கள். சாப்பாடு 25 விழுக்காடும் குடிபானம் 84 விழுக்காடும் கூடுதலாக உள்ளே போனது.

வயது ஏறினால் கண்வில்லை மஞ்சளாகும். விழித்திரைக்குப் போகும் ஒளி குறையும். ஒத்த நிறங்களைப் பிரித்துப் பார்ப்பது எல்லோருக்குமே கடினமாகும். அல்சைமரில் பழுது மூளைக்குள் நடக்கிறது. நரம்புக் கலங்களுக்கு வெளியே அமிலோயிட் புரதம் படிகிறது. உள்ளே தௌ புரதம் முறுக்கிக்கொள்கிறது. கண் நன்றாக இருந்தாலும், கண்டதைப் பொருளாக்கும் பகுதி தடுமாறும். வாசலில் கிடக்கும் கறுப்புக் கால்மிதி குழியாகத் தெரியலாம். மணம் அறியும் பாதையும் ஆரம்பத்திலேயே பாதிக்கப்படும். கருவாடு கருகுவதோ எரிவாயு கசிவதோ மூக்குக்கு எட்டாமல் போகலாம்.

புதிய நினைவுகளைப் பதியும் ஹிப்போகம்பஸ் முதலில் அடிபடுவதால் அண்மைக்காலம் முந்தி அழிகிறது. எடுத்துக்காட்டாக, இலங்கையின் கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு துறையடியில் காத்திருந்து மிதவையில் கடந்தவர், நோய் முற்றியபின் "மிதவை வந்துட்டுதா?" என்று கேட்டால் அதில் வியப்பில்லை. கைப்பழக்கத்தைக் காக்கும் மூளைப் பகுதிகள் வேறு. காலையில் சாப்பிட்டதை மறந்த மீனவர், கிழிந்த வலையைக் கை தடுமாறாமல் பொத்துவார். அந்த வேலையை அவரிடமிருந்து பறிக்காதீர்கள்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் எட்டுப் பேரில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவராக இருந்தார். ராகமையில் நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வு, 65 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு நால்வரளவில் அல்சைமர் உள்ளிட்ட மறதிநோய் இருப்பதைக் கண்டது. உலகில் ஏற்படும் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024 இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு கணித்தது. கவனிக்காமல் விட்ட செவிக்குறைவும் பார்வைக்குறைவும், உயர் இரத்த அழுத்தமும், நீரிழிவும் அது சுட்டிய காரணங்களில் அடங்கும்.

ஆகவே கண்புரையை அகற்றுவியுங்கள். காது மந்தமென்றால் கருவி வாங்கிக் கொடுங்கள். கோப்பையின் நிறத்தை மாற்றுங்கள். மாலையில் விளக்கை நேரத்தோடு போடுங்கள். "அறளை பெயர்ந்துட்டுது" என்று ஒதுக்காமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். தைரொயிட் குறைபாடும், விற்றமின் பி12 குறைவும், மனச்சோர்வும்கூட மறதியாகத் தோன்றும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.