நீயா, நீங்களா?

ஸ்பானிஷ் மொழியில் வணக்கம் சொல்வது எளிது. "ஓலா" என்றால் போதும்.

காலையில் "புவெனோஸ் தியாஸ்". ஸ்பெயின் நாட்டில் இதைப் பகல் 2 மணி வரைகூடச் சொல்வார்கள்! மதியச் சாப்பாடு முடிந்த பிறகுதான் "புவெனாஸ் தார்தெஸ்". இருட்டிவிட்டால் "புவெனாஸ் நோச்செஸ்".

"கிராசியாஸ்" என்றால் நன்றி. அதற்குப் பதில், "தெ நாதா". நாம் "பரவாயில்லை" என்கிறோமே, அதுபோல.

சிக்கல் எங்கே? நலம் விசாரிக்கும்போதுதான்!

நண்பனிடம் "கோமோ எஸ்தாஸ்?" (எப்படி இருக்கிறாய்?) என்று கேட்கலாம். முன்பின் தெரியாத பெரியவரிடம் அப்படிக் கேட்டால் முகம் சுளிப்பார். அவரிடம், "கோமோ எஸ்தா உஸ்தெத்?" (எப்படி இருக்கிறீர்கள்?) என்று கேட்கவேண்டும்.

"து" என்றால் நீ. "உஸ்தெத்" என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் ஆங்கிலேயர்கள் திணறுவார்கள். தமிழர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை!

தேய்ந்த சொல்

முன்பு பெரிய மனிதர்களை "வுவெஸ்த்ரா மெர்செத்" என்று அழைத்தார்கள். "தங்கள் கருணை" என்பதுபோலப் பொருள். வாயில் தேய்ந்து தேய்ந்து, 1600-களில் அது "உஸ்தெத்" ஆகிவிட்டது.

இப்போது ஸ்பெயினில் கடைக்காரர்கூட "து" போட்டுப் பேசுவது சகஜம்.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் கதையே வேறு. அங்கே பல வீடுகளில் கணவன் மனைவியை "உஸ்தெத்" என்பான். தாய் பிள்ளையையும் அப்படியே அழைப்பாள். கோபம் அல்ல, பாசம்தான்!

புதிதாகப் போகிறவர் "உஸ்தெத்" என்று தொடங்குவதே நல்லது. பழகியபின், "என்னை 'து' என்றே கூப்பிடுங்கள்" என்று அவர்களே சொல்வார்கள். அப்படிக் கூப்பிடுவதற்கென்றே ஒரு சொல்லும் உண்டு: "துதெயார்"!