மனநோய் மருத்துவம் நம் வாசலுக்கு வந்த வரலாறு



தோட்டத்து லயங்களில் பிள்ளைகள் சண்டையிடும்போது ஒரு வசவு பறப்பதைக் கேட்டிருப்பீர்கள். "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்!" பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் இப்படி ஏச்சுப் பேச்சாகிவிட்டது. அங்கே நாட்டின் பெரிய மனநல மருத்துவமனை இருப்பதுதான் காரணம். ஊர் பெயரைச் சொல்லி நாம் சிரிக்கிறோம். ஆனால், நம் வீட்டிலேயே ஒருவர் உறக்கம் கெட்டு, தனக்குத்தானே பேசத் தொடங்கிவிட்டால் அந்தச் சிரிப்பே நம் காலைக் கட்டிப்போடுகிறது. "அங்கே கொண்டு போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று அஞ்சி மாதக் கணக்கில் மறைத்து வைக்கிறோம். அதற்குள் நோய் முற்றிவிடுகிறது. ஆகவே, அந்த மருத்துவமனை எப்படித் தோன்றியது, எப்படி மாறியது, அதன் மருத்துவம் எவ்வாறு நம் ஊர் கிளினிக் வரை வந்து சேர்ந்தது என்பதை இன்று பார்ப்போம்.

தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் கூட்டு மலாய் மாநிலங்களாக வெள்ளையர் ஆட்சியில் இருந்த காலம் அது. அப்போது அதற்கு வைத்த பெயரே 'பைத்தியக்காரர் விடுதி' என்று பொருள்படும். 500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் அது அமைந்தது. நோயாளிகளை மாஜிஸ்திரேட்டின் உத்தரவு பெற்றுப் போலீசார் கொண்டு வந்து சேர்ப்பார்கள். உள்ளே போனவர்களில் பலர் வெளியே வந்ததே இல்லை.

இதில் நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. ரப்பர் தோட்டங்கள் பெருகி, தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலமும் அதுவேதான். தாய் தகப்பனை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்கள் பலர். மலேரியாக் காய்ச்சலும் கடும் உழைப்பும் அவர்களை வாட்டின. அப்படிப்பட்டவருக்கு மனம் பேதலித்துப் போனால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள உறவு ஏது? விடுதியே அவருக்குக் கடைசிப் புகலிடமாயிற்று. எனவே, தஞ்சோங் ரம்புத்தானின் வரலாறு நம் மக்களின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கிறது.

அந்நாளில் மனநோய்க்கு மருந்து கிடையாது. உணவு, படுக்கை, பூட்டிய கதவு, செய்வதற்குக் கொஞ்சம் வேலை, இவ்வளவே அங்கு கொடுக்க முடிந்தவை. காய்கறித் தோட்டம் போடுவது, கூடை முடைவது போன்ற வேலைகளில் நோயாளிகளை ஈடுபடுத்தினார்கள். கையும் காலும் பழகிய வேலையில் இறங்கினால் மனம் சற்று நிலைகொள்ளும் என்பதை அன்றைக்கே கண்டிருந்தார்கள். இன்றும் அந்த வழி கைவிடப்படவில்லை.

1928-இல் 'மத்திய மனநோய் மருத்துவமனை' என்று பெயர் மாறியது. 1937-இல் ஜொகூரில், தம்போய் என்னும் இடத்தில் இன்னொரு மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. பிறகு ஜப்பான்காரன் காலம் வந்தது. 1941 கடைசியிலிருந்து 1945 வரை வெளியில் இருந்தவர்களே மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள் என்றால், பூட்டிய விடுதிக்குள் இருந்தவர்களின் கதியைக் கேட்க வேண்டுமா? சோறும் மருந்தும் இல்லாமல் நோயாளிகள் பெருந்தொகையாக மாண்டு போனார்கள்.

போருக்குப் பின் 1952-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காதில் குரல் கேட்கிறது என்று அலறியவர்கள் அமைதி அடைந்தார்கள். தன்னை யாரோ கொல்ல வருகிறார்கள் என்று நடுங்கியவர்கள் தெளிந்து பேசினார்கள். சில ஆண்டுகளில் அந்த மருந்து நம் நாட்டுக்கும் வந்தது. மருந்து வந்ததும் பூட்டுக்குத் தேவை குறைந்தது. நோயாளி வீடு திரும்பலாம் என்ற நிலை முதன்முதலாக ஏற்பட்டது.

மருத்துவம் அதன் பிறகு மெல்ல மெல்ல மதிலைத் தாண்டி வெளியே வரலாயிற்று. 1958-இல் பினாங்குப் பொது மருத்துவமனையில் ஒரு மனநலப் பிரிவு திறக்கப்பட்டது. காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் போகிற அதே மருத்துவமனையில் மனநோய்க்கும் மருத்துவம் கிடைத்தது. 1960-களின் பிற்பகுதியில் ஈப்போவில் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் வந்தது. நோயாளி காலையில் போய்ப் பயிற்சி பெற்று, மாலையில் வீடு திரும்பலாம். மாத்திரையை மறப்பவர்களுக்காக, சில வாரங்களுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்ற ஊசியும் ஏறத்தாழ அக்காலத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1971-இல் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைக்கு 'பஹாகியா' என்று பெயர் சூட்டினார்கள். மலாய் மொழியில் பஹாகியா என்றால் மகிழ்ச்சி.

1990-களின் இறுதியில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளிலேயே மனநோயாளிகளுக்குத் தொடர் மருத்துவம் தரும் திட்டம் பரவியது. நோய் தணிந்தவர், மருந்து வாங்க ஈப்போ வரை பேருந்து ஏற வேண்டியதில்லை. அருகிலுள்ள கிளினிக்கிலேயே வாங்கலாம், ஊசியும் போட்டுக்கொள்ளலாம். அடுத்து, தாதியரும் மருத்துவ உதவியாளரும் நோயாளியின் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் விரிவடைந்தது.

1952-இன் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2001-இல் மனநலச் சட்டம் நிறைவேறி, 2010-இல் நடைமுறைக்கு வந்தது. சமூக மனநல நிலையம் என்ற அமைப்புக்கு அந்தச் சட்டம் இடம் தந்தது. அதன் பிறகு 'மெந்தாரி' என்ற பெயரில் நாடெங்கும் நிலையங்கள் தோன்றி, இப்போது 30-க்கு மேல் பெருகிவிட்டன. மெந்தாரி என்றால் சூரியன். கடைத்தெருப் பக்கமாக, சாதாரணக் கட்டடங்களில் இவற்றைப் பார்க்கலாம். மருந்தோடு ஆலோசனை, சமையல், காசுக் கணக்கு, நாலு பேரோடு பழகும் பயிற்சி ஆகியவையும் அங்குக் கிடைக்கும். வேலைக்குப் போக விரும்புகிறவருக்கு வேலை தேடித் தந்து, முதலாளியிடமும் பேசி, அவர் அந்த வேலையில் நிலைக்கும் வரை துணை நிற்கிறார்கள்.

இனி, நோயைப் பற்றிச் சில வார்த்தைகள்.

கடுமையான மனநோயில் மூளைக்குள் செய்தி கொண்டு செல்லும் இரசாயனப் பொருள்களின் அளவு முறை தவறுகிறது. அதனால் இல்லாத குரல் கேட்கிறது, காரணமில்லாத சந்தேகம் எழுகிறது. மருந்து அந்த அளவைச் சீராக்குகிறது. இரத்த அழுத்தத்துக்கும் இனிப்பு நீருக்கும் நாம் நாள்தோறும் மாத்திரை சாப்பிடவில்லையா? இதுவும் அதைப் போலத்தான். சாப்பிடும் வரை நோய் அடங்கியிருக்கும்.

நம் குடும்பங்கள் இடறி விழுகிற இடம் இதுதான். நோயாளி நன்றாகிவிட்டார், பெரட்டுக்குப் போகிறார், வேலை செய்கிறார். "இனி எதற்கு மருந்து?" என்று நிறுத்திவிடுகிறோம். நிறுத்திய மறுநாளே நோய் திரும்புவதில்லை. சில வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் வருகிறது. அதற்குள் மருந்தை நிறுத்தியதை மறந்துவிட்டு, "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்கிறோம். மருந்தால் கை நடுக்கம், உடம்பு விறைப்பு, தூக்கக் கலக்கம், உடல் பருமன் ஆகியவை சிலருக்கு ஏற்படும். இவற்றை டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து தருவார். நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

கோயிலுக்குப் போவதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நேர்த்திக்கடனும் செலுத்தலாம், மருந்தும் சாப்பிடலாம். ஆனால், பூசாரியிடம் இருபது நாள், போமோவிடம் முப்பது நாள் என்று காலம் கடத்துவதும், நோயாளியைக் கட்டிப் போடுவதும், அடிப்பதும் கூடாது. நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் மருத்துவம் கிடைத்தால் அவர் தேறும் வாய்ப்பு அதிகம்.

குடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாள்தோறும் அளவுக்கு மீறிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை கால் உதறும், வியர்த்துக் கொட்டும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லுவார். இதைப் பேய் பிடித்ததாக எண்ணி வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் உயிரே போய்விடலாம். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

மனநோய் என்றால் கத்துவதும் ஓடுவதும் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. சத்தமில்லாமல் ஆளைத் தின்கிற மனச்சோர்வு நோயும் உண்டு. பிள்ளை பெற்ற தாய் காரணமில்லாமல் அழுகிறாள். சோறு இறங்குவதில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறாள். வயதான தகப்பனார் திண்ணையில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தேசியச் சுகாதார ஆய்வின்படி 2019-இல் நம் நாட்டுப் பெரியவர்களில் 100-க்கு 2.3 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. 2023-இல் அது 4.6 ஆயிற்று. கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர்! ஆகவே, இது யாரோ ஒருவருடைய குடும்பத்துக்கு வந்த சாபமாகாது.

"சாகலாம் போல இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதை மிரட்டலென்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அப்படி எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் தோன்றிவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற தெம்புதான் பிறக்கும். களைக்கொல்லி மருந்துகளை வீட்டில் வைக்காதீர்கள். வைக்கத்தான் வேண்டும் என்றால் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். கையெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாததால் மட்டுமே பிழைத்தவர்கள் ஏராளம். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டமும் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கத் தேவையில்லை. 2022-இல் சுகாதார அமைச்சு தொடங்கிய 15555 என்ற தொலைபேசி எண்ணில் மனக்கவலையைச் சொல்லி உதவி கேட்கலாம்.

நேயர்களே, கிளினிக்குக்குப் போகும்போது அடையாளக் கார்டையும், முன்பு சாப்பிட்ட மருந்து இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். எப்போதிலிருந்து தூக்கமில்லை, என்ன பேசுகிறார், என்ன சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நோயாளி சொல்லாததை வீட்டார்தான் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மருத்துவ விடுப்புச் சீட்டு மனநோய்க்கும் உண்டு, கேட்டு வாங்கலாம். நெடுநாள் நோயால் வேலை செய்ய இயலாதவர்கள் டாக்டரின் சான்றோடு சமூக நலத் துறையில் உடற்குறையோர் கார்டுக்கு மனுச் செய்யலாம். அந்தக் கார்டு மனநோயாளிகளுக்கும் உரியது.

நோயிலிருந்து திரும்பி வருகிறவரை நாம் எப்படி வரவேற்கிறோம் என்பதில்தான் மிச்ச மருத்துவம் இருக்கிறது. பழையபடி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கலியாணத்துக்கும் கருமாதிக்கும் அழைப்புக் கொடுங்கள். அவரிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படிப்படியாக நடந்து நம் வாசல் வரை வந்துவிட்டது மருத்துவம். கதவைத் திறந்து அதை உள்ளே விடவேண்டியவர்கள் நாம்தான்.