பக்கவாதமும் பக்கத்து வீட்டாரும்

சில மாதங்களுக்கு முன், ஒரு காலைப் பொழுதில், 67 வயது முதியவர் ஒருவர் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். வலக்கையும் வலக்காலும் செயலிழந்திருந்தன, பேச்சு வரவில்லை. மனைவியை இழந்து தனியே வாழ்பவர். மகள் வெளிநாட்டில் இருக்கிறார். உடன் வந்திருந்தவர் அடுத்த வீட்டு அம்மையார்.

“எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார்?” என்று கேட்டோம். அவர் தயங்காமல் சொன்னார்: “ஆறேகால் மணிக்கு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். பால் வாங்கிக்கொண்டு வந்தவர், ‘இன்றைக்குத் தண்ணீர் லாரி வருமா?’ என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். நன்றாகத்தான் பேசினார். ஏழு மணிக்கும் செய்தித்தாள் வாசலிலேயே கிடந்தது. அவர் அப்படி விட்டுவைக்க மாட்டார். அதனால்தான் கதவைத் தட்டினேன்.”

அந்த விடைதான் அவருக்குரிய சிகிச்சையைத் தீர்மானித்தது.

நலமாக இருந்த கடைசி நேரம்

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலும், வெடித்துக் கசிந்தாலும் பக்கவாதம் உண்டாகிறது. இவற்றுள் அடைப்பினால் வருவதே மிகுதி. பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அடைத்துள்ள இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு விரைவோ அவ்வளவு பயன். பெரிய குழாயில் உள்ள கட்டியை நுண்குழாய் செலுத்தி அகற்றும் சிகிச்சையைத் தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்ய இயலும்.

இந்த நாலரை மணி நேரத்தை எப்போதிலிருந்து கணக்கிடுகிறோம்? நோயாளியை மற்றவர்கள் கண்ட நேரத்திலிருந்து அன்று. அவர் நலமாக இருந்ததாக உறுதியாகத் தெரிந்த கடைசி நேரத்திலிருந்து. இந்த முதியவரிடம் மகள் தொலைபேசியில் பேசியது முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்கு. அந்த அம்மையார் இல்லையெனில் எங்கள் கணக்கு அந்த ஒன்பது மணியிலிருந்து தொடங்கியிருக்கும்; ஊசிமருந்துக்கான காலம் கடந்துவிட்டதாகவே கருத நேர்ந்திருக்கும். சிறப்பு ஸ்கேன்களின் துணையால் சிலருக்கு அப்போதும் வழி பிறப்பதுண்டு; எல்லாருக்கும் அன்று. ஆறேகால் மணி என்ற சொல்லால், எட்டரை மணிக்கு நாங்கள் மருந்தைச் செலுத்த முடிந்தது. இன்று அவர் கைத்தடியுடன் நடக்கிறார். சில சொற்களைத் தேடித்தான் பேசுகிறார், ஆயினும் பேசுகிறார்.

அன்பு மட்டும் போதாத இடம்

இன்னொரு நோயாளியையும் நான் மறக்கவில்லை. அவருடைய அண்டை வீட்டாரும் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். கை சோர்ந்து விழுந்தவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள், காபி கொடுத்தார்கள், கைகால்களில் எண்ணெய் தேய்த்தார்கள். வெளியூரில் இருந்த மகன் வந்து முடிவெடுக்கட்டும் என்று மாலை வரை அருகிலேயே காத்திருந்தார்கள். எங்களிடம் வந்தபோது எட்டு மணி நேரம் கழிந்திருந்தது. ஸ்கேனில், மூளையின் பாதிக்கப்பட்ட பகுதி மீட்க இயலாத நிலையை அடைந்திருந்தது. அவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. இந்த நோயில் காத்திருக்கக் கூடாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் மருத்துவர்களாகிய நாங்கள். இக்கட்டுரையை எழுதுவதற்கு அதுவே காரணம்.

அடையாளம் காண்பது எப்படி?

முகத்தின் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரென்று வலுவிழத்தல், பேச்சு குழறுதல் அல்லது சொல்வது புரியாமற்போதல்: இவற்றுள் ஒன்று இருந்தாலும் பக்கவாதம் என ஐயுற வேண்டும். திடீர்ப் பார்வைக் குறைவும், நிற்க முடியாத தள்ளாட்டமும், இதுவரை கண்டிராத கடுந்தலைவலியும் அறிகுறிகளே. சில நிமிடங்களில் தாமாகச் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும். அது வரவிருக்கும் பெரிய பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கையாக இருக்கக்கூடும்.

அருகில் இருப்பவர் செய்ய வேண்டியவை

• உடனே 108-ஐ அழையுங்கள். எந்நேரமும் சி.டி. ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்கு நேராகச் செல்வதே நல்லது. அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன் எடுத்தே அறிய முடியும்.

• அவரைக் கடைசியாக நலமாகக் கண்டவர் யார், எத்தனை மணிக்கு என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

• மயக்கமோ வாந்தியோ இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

• அவர் உட்கொள்ளும் மருந்துகளையும் மருத்துவச் சீட்டுகளையும் அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவரா, நீரிழிவு உள்ளவரா என்பவை எங்களுக்கு மிக இன்றியமையாதவை.

செய்யக் கூடாதவை

• தண்ணீர், காபி, சோடா எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் திறன் குறைந்திருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும்.

• ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். இரத்தக்கசிவாக இருந்தால் தீங்கு விளையும்.

• இரத்த அழுத்தத்தைக் குறைக்கத் தாமாக மாத்திரை கொடுக்காதீர்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் மூளைக்குச் செல்லும் இரத்தம் மேலும் குறையும்.

• உறவினர் வரட்டும் என்று காத்திராதீர்கள்.

“நமக்கேன் வம்பு?” என்னும் தயக்கம்

அடுத்த வீட்டார் பலர் தயங்குவதன் காரணம் இரக்கமின்மை அன்று, அச்சம். ஏதேனும் நேர்ந்துவிட்டால் பழி நம்மீது விழுமோ, கையெழுத்துப் போடச் சொல்வார்களோ என்ற எண்ணம். உயிர்காக்கும் முதல் சிகிச்சையை அளிப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் அனைவருக்கும் உரிய கடமை என்று 1989-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. சிகிச்சையின் நன்மை தீமைகளை விளக்கி ஒப்புதல் பெற, உறவினரிடம் நாங்கள் தொலைபேசியில் பேசுகிறோம். அவர்களுடைய எண் கையில் இருந்தால் அதுவே பேருதவி.

உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதறி ஓடி வரும் நீங்கள் முதலில் காண்பது அந்த அண்டை வீட்டாரைத்தான். “ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள்? ஏன் எங்களைக் கேட்கவில்லை?” என்று வேதனையில் கடிந்துகொள்வோரைக் கண்டிருக்கிறேன். அச்சொல் அவரை மட்டும் புண்படுத்துவதில்லை; அடுத்த முறை அத்தெருவில் ஒருவர் விழும்போது நீளவேண்டிய கையையும் பின்னுக்கு இழுத்துவிடும்.

முன்கூட்டியே செய்யத்தக்கவை

தனியே வாழும் பெற்றோர் உங்களுக்கு இருந்தால், நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டார் ஒருவரிடம் மாற்றுச் சாவி ஒன்றைக் கொடுத்து வையுங்கள். உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். “அவசரம் என்றால் எங்களுக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், என்ன ஆனாலும் நாங்கள் குறை சொல்லமாட்டோம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தச் சொல் முன்பே கிடைத்திருந்தால், நான் குறிப்பிட்ட இரண்டாம் நோயாளியின் அண்டை வீட்டார் மாலை வரை காத்திருந்திருக்க மாட்டார்கள்.

அன்று காலை ஊசிமருந்து செலுத்தி முடித்து நான் வெளியே வந்தபோது, அந்த அம்மையார் இன்னும் நாற்காலியில் அமர்ந்திருந்தார். “நான் போகலாமா டாக்டர்? அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை” என்றார். தாம் செய்தது இன்னதென்று அவர் அறிந்திருக்கவில்லை. விளக்கிச் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன். இதை உங்கள் அடுத்த வீட்டாருக்கும் சொல்லுங்கள்.