மறைந்தது மங்கு, மாட்டிக்கொண்டது முகம்

கன்னத்துக் கரும்படலத்தை மூன்றே வாரத்தில் விரட்டிய ட்யூப், அதற்குப் பிறகு செய்த வேலை

டெல்லி கரோல் பாக்கில் அந்த மருந்துக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்த நேரம் ஐந்து விநாடிகூட இருக்காது. "ஜாயீதானே?" என்று கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து சிறிய ட்யூப் ஒன்றை எடுத்து வைத்தார். இரவில் தடவ வேண்டும், மூன்று வாரத்தில் போய்விடும் என்றார். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. சொன்னபடியே மூன்று வாரத்தில் போய்விட்டது. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

இரண்டாவது பிரசவத்தின்போது வந்த படலம் அது. இரு கன்னங்களிலும் மூக்குத் தண்டிலும் காப்பிக் கறை மாதிரி. பிரசவத்துக்குப் பிறகு தானாக மறைந்துவிடும் என்றார்கள். பலருக்கு மறைகிறது, எனக்கு மறையவில்லை. மகளுக்குப் பத்து வயதானபோதும் ஒவ்வொரு ஏப்ரலிலும் அடர்ந்து, டிசம்பரில் வெளிறி, மறுபடி ஏப்ரலில் வந்து உட்கார்ந்தது. ஊருக்குப் போனால் அத்தையின் முதல் கேள்வி, "என்னடி, முகத்துல மங்கு விழுந்திருக்கு?" சனி பகவான் பிடிப்பதற்கும் மங்கு சனி என்றுதான் பெயர். இந்தியில் சொல்லும் ஜாயீக்கு நிழல் என்ற பொருளும் உண்டு. டாக்டர்களின் மெலாஸ்மாவுக்கு வேர், கறுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மூன்றில் இந்திக்காரர்கள்தான் பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தோலுக்கு நிறம் தரும் செல்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி வேலை செய்வதுதான் மங்கு. வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை எல்லாம் அதைத் தூண்டலாம். பெண்களுக்கே அதிகம் என்றாலும் ஆண்களையும் விடுவதில்லை. வலிக்காது, அரிக்காது, புற்றுநோயாக மாறாது. எனவே ஆபத்தில்லாதது என்பார்கள் டாக்டர்கள். கண்ணாடி முன் நிற்பவளுக்கு அந்த ஆறுதல் போதாது. படலம் வெளிறினாலும் அந்தச் செல்களின் சுபாவம் மாறுவதில்லை. கொஞ்சம் வெயில் கிடைத்தால் பழையபடி கிளம்பிவிடும்.

அந்த ட்யூபில் மூன்று மருந்துகள் இருந்தன. நிறமி உற்பத்தியைத் தடுக்கும் ஹைட்ரோகுவினோன், மேல்தோலை வேகமாகப் புதுப்பிக்கும் ட்ரெட்டினாயின், இந்த இரண்டும் கிளப்பும் எரிச்சலை அடக்க ஒரு ஸ்டீராய்டு. 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் க்ளிக்மேனும் வில்லிஸும் வெளியிட்ட கலவையின் வாரிசு இது. சரியான கையில் நல்ல மருந்துதான். ஆனால் குறுகிய காலத்துக்கு. அமெரிக்காவில் அனுமதி பெற்ற இவ்வகை க்ரீமில் இருப்பது வீரியம் குறைந்த ஸ்டீராய்டு. அதற்கே எட்டு வாரம்தான் கெடு. நம் கடைகளில் விற்ற பல ட்யூப்களில் இருந்தது அதைவிட வீரியமான மொமெட்டசோன். நான் தடவியது இரண்டு வருடம்.

நிறுத்திப் பார்க்காமல் இல்லை. நிறுத்திய மூன்றாம் நாள் முகம் சிவந்து, மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். பருக்கள் கிளம்பும். மங்கும் முன்னைவிடக் கறுத்துத் திரும்பும். மறுபடி தடவினால் ஒரே இரவில் அமைதி. மருந்து இன்னும் தேவைப்படுகிறது என்றுதான் நினைத்தேன். முகத்தோல் மெல்லியது, ஸ்டீராய்டை நிறையவே உறிஞ்சும் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. கன்னத்தில் சிவப்பு நூல் போல ரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பித்தன. தாடையோரம் பூனைமுடி வளர்ந்தது. தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. காய்ச்சல் என்று போனில் பொய் சொன்னேன்.

கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். கைப்பையிலிருந்து ட்யூபை எடுப்பதற்குள் டாக்டரம்மா அதன் பெயரைச் சொல்லிவிட்டார். இந்த முகத்துக்கு மருத்துவ நூல்களில் தனிப் பெயரே உண்டு: ஸ்டீராய்டால் சேதமான முகம். 2008-ல் கொல்கத்தா டாக்டர்கள் கௌஷிக் லாஹிரியும் அரிஜித் கூண்டூவும் வைத்த பெயர். முகத்தோல் கோளாறுகளுடன் வந்த 2,926 பேரை நாட்டின் பல மையங்களில் பரிசோதித்து 2011-ல் வெளியான ஆய்வில், 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 257 பேருக்கு அதைச் சொன்னவர் டாக்டரே இல்லை. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் க்ரீம்களை டாக்டர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய அட்டவணை எச்-சில் சேர்த்தது. நான் ட்யூப் வாங்கியது அதற்கும் பிறகு. சீட்டு கேட்ட கடைக்காரர் ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.

ட்யூபை விட்டு மீள எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. முதல் இரண்டு மாதம் தண்ணீர் பட்டாலே எரிந்தது. "அம்மா, அழுதியா?" என்று மகள் தினமும் கேட்பாள். சிவப்பு அடங்கிய பிறகுதான் மங்குக்கே வைத்தியம் தொடங்கியது. அது மெதுவான வைத்தியம். அஸலாயிக் அமிலம் கலந்த க்ரீம், பல மாதம்.

அதைவிட முக்கியம் சன்ஸ்க்ரீன். அதுவும் தோல் நிறத்தில் இருக்கும் ரகம். மங்கைத் தூண்டுவதில் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. நிறம் தரும் இரும்பு ஆக்ஸைடு அதைத் தடுக்கிறது. பொட்டு அளவு தடவினால் போதாது, இரண்டு விரல் நீளம் வேண்டும். வெயிலில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு தரம். அதோடு குடை. கண்ணாடி ஜன்னலும் புற ஊதாவின் ஒரு பகுதியை உள்ளே விடும் என்பதால் அலுவலகத்தில் பத்து வருடமாக அனுபவித்த ஜன்னலோர இடத்தை ஒரு இளைஞருக்குத் தாரை வார்த்தேன். அவர் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்லும் உறவினர்களுக்குப் பஞ்சமில்லை. நம் நிறத்துத் தோல் எரிந்தால் எரிந்த இடமும் கறுக்கும். லேசர் விளம்பரங்களும் கண்ணைப் பறிக்கின்றன. மங்கு விஷயத்தில் லேசருக்குப் பிறகு அது அதிகமாகத் திரும்புவதும் உண்டு. ரத்தப்போக்கை நிறுத்தத் தரும் ட்ரானெக்ஸாமிக் அமில மாத்திரை சிலருக்குப் பலனளிக்கிறது. ரத்தம் உறையும் கோளாறு இருப்பவருக்கு அது ஆபத்து. இதையும் கவுன்ட்டரில் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஏப்ரலிலும் என் மங்கு வந்தது, கொஞ்சம் வெளிறிய நிறத்தில். அத்தைக்கு, "ஆமாம் அத்தை, இருக்கு" என்று பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

போன மாதம் சன்ஸ்க்ரீன் வாங்க அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் அதோடு பழைய ட்யூபையும் எடுத்து வைத்தார். வேண்டாம் என்றேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண், "ஆன்ட்டி, இது நல்லா வேலை செய்யுமா?" என்று இந்தியில் கேட்டாள். அவளை வெளியே அழைத்துவந்து, சமோசாக் கடை ஓரத்தில் அரை மணி நேரம் பேசினேன். தாடையோரப் பூனைமுடியையும் காட்டினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவள் இன்னும் கடை வாசலில்தான் நின்றிருந்தாள்.